முன்னறைக் கட்டில்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு டெலிபோன் அடித்தபோது, பெவர்லி அக்ராய்ட் மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துக்குள் டார்ச் விளக்கும் கையுமாகக் குந்தியிருந்தாள்.

அன்று காலை பிராக்கன்ஷா ஊரே அப்படித்தான் குந்தியிருந்தது. விடிந்தால் அக்டோபர் ஒன்று. கேஸுக்கும் கரண்டுக்கும் புது விலை. அதற்குள் மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டால், இதுவரை எரித்ததைப் பழைய விலையோடு முடித்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் அவர்கள் பாட்டுக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

"எட்டு, நாலு, ஒன்பது..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள்.

"மிசஸ் அக்ராய்ட்? நான் ஹுமைரா மாலிக், கவுன்சில் வரி ஆபீஸ்லேருந்து. உங்க விண்ணப்பம் என் கையிலதான் இருக்கு. வீட்டை நேர்ல பார்க்கணும். இன்னிக்கு ரெண்டு மணிக்கு வரலாமா?"

"இன்னிக்கா? திங்கக்கிழமை வச்சுக்கலாமே, கண்ணு."

"திங்கக்கிழமை வந்தா டீ குடிச்சிட்டுப் போகலாம், அவ்வளவுதான். திட்டம் இன்னியோட முடியுது. நாலரைக்குள்ள நான் ரிப்போர்ட் போட்டாகணும்."

"வாங்க, வாங்க! ரெண்டு மணி. கண்டிப்பா வாங்க!"

பெவர்லி போனை வைத்தாள். மீட்டர் எண்ணில் பாதி மறந்தே போய்விட்டது.

போன வாரம் அவள் தபாலில் போட்ட விண்ணப்பம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊரில் வீட்டு வரிக்காக வீடுகளை எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் சின்ன வீடு, சின்ன வரி. அப்படியே ஏறிக்கொண்டு போகும். எகிறும் கரண்டு பில்லைச் சமாளிக்க டி வரைக்கும் உள்ள வீடுகளுக்கு நூற்றைம்பது பவுண்டு வரித் தள்ளுபடி என்று கவுன்சில் அறிவித்தது. மில் லேன் தெரு முழுக்க டி. கடைசியில் இருக்கும் அக்ராய்ட் வீடு மட்டும் ஈ. பின்னால் ஒர்க்‌ஷாப் சேர்ந்த வீடு என்பதால் வந்த வினை.

வினை என்று க்ளிஃப் அக்ராய்ட் ஒருநாளும் சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த எழுத்துகள் வந்தபோது, தெருவிலேயே தன் வீடு ஒன்றுதான் ஈ என்று கிளப்பில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தவன் அவன். கூடுதலாக வரி கட்டப்போவதைக் கொண்டாடிய மனுஷன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அந்த மனுஷனுக்குத்தான் பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டில் முன்னறைக்கு வந்தது. புண் வராமல் இருக்க அதன் மேல் ஒரு காற்று மெத்தை. அதன் மோட்டார் இரவு பகலாக ஓடியாக வேண்டும். அது ஓட ஓட மீட்டரும் ஓடியது.

உடம்புக்கு முடியாதவருக்காக ஓர் அறையையே ஒதுக்கிய வீடு என்றால் வரியில் ஓர் எழுத்து கீழே இறக்குவார்கள், ஈ டி ஆகும், டி ஆனால் தள்ளுபடியும் வரும் என்று கண்டுபிடித்தவள் மகள் ஜெம்மா. படிவத்தை நிரப்பியவள் பெவர்லி. படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'மாற்றுத்திறனாளி' என்று இருந்ததை மட்டும் அவள் க்ளிஃபிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தால் அவன் படிவத்தை மட்டுமல்ல, தபால்பெட்டியையே கிழித்துப் போட்டுவிடுவான்.

"யாரு போன்ல?" முன்னறையிலிருந்து க்ளிஃபின் குரல்.

"கவுன்சில்லேருந்து ஒரு பொண்ணு. வரி விஷயமா வீட்டைப் பார்க்க வருது, ரெண்டு மணிக்கு."

"எந்த அறையைப் பார்க்கணுமாம்?"

"முன்னறையை."

"முன்னறையையா?" அவன் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கட்டில், சக்கர நாற்காலி, மூடி போட்ட கழிப்பு நாற்காலி, ஜன்னல் திட்டு முழுக்க மாத்திரை டப்பா. "கவுன்சில் ஆள், முன்னறைக்கு, இந்தக் கோலத்துலயா?"

"அதெல்லாம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ ஒண்ணும் கவலைப்படாதே. ரெண்டு மணிக்குள்ள நான் வந்துடுவேன்."

"சரி" என்றான் க்ளிஃப்.

நாற்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் அவன் மறுபேச்சில்லாமல் 'சரி' சொன்னது நாலு தடவை இருக்கலாம். நாலும் நல்லதில் முடிந்ததில்லை. பெவர்லி அதை யோசித்திருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே வந்ததும் அவன் டெலிபோனைப் பட்டென்று வைத்துவிட்டு "ராங் நம்பர்" என்று சுவரைப் பார்த்தானே, அதையும்தான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மீன் பொரிக்க வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே பெவர்லி கூட வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பட்டாணி அள்ளிப்போடும் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னாள். கடிகாரத்தை அவள் பார்த்த பார்வையில் அதற்கே வெட்கம் வந்திருக்கும்.

ஒன்றரைக்கு வாசலில் ஹாரன். ஜெம்மாவின் பேக்கரி வேன்.

"ஏறும்மா, சீக்கிரம்! ஐயையோ, கஸ்டர்ட் கேக் துண்டு மேல உட்கார்ந்துடாதே, அது இன்னும் டெலிவரி ஆகலை!"

தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெவர்லி ஏறினாள். வேன் ஒரு குலுங்குக் குலுங்கிப் புறப்பட்டது.

"பணம் வந்துச்சுன்னா முதல்ல என்னம்மா பண்ணுவே?"

"மெஷின்ல துணி போடுவேன்."

ஜெம்மா சாலையை விட்டுவிட்டு அம்மாவின் கைகளைப் பார்த்தாள். விரல் கணுவெல்லாம் சிவந்து வெடித்துக் கிடந்தன. ஜூலை மாதத்திலிருந்து பெவர்லி வீட்டுத் துணியை, க்ளிஃபின் படுக்கை விரிப்பு உட்பட, குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் கையால்தான் துவைக்கிறாள். மெஷின் கெட்டுவிட்டது என்று க்ளிஃபிடம் சொல்லியிருந்தாள்.

முப்பத்தெட்டு வருஷம் ஊரில் உள்ள துணி மெஷினையெல்லாம் ரிப்பேர் பண்ணியவனிடம் இப்படி ஒரு பொய். மெஷின் இருக்கும் பின்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு படி. சக்கர நாற்காலி அதில் இறங்காது. அந்த ஒரு படியை நம்பித்தான் அவள் பொய் சொன்னாள்.

"இன்னும் அப்பாகிட்ட சொல்லலையா? எத்தனை நாளைக்குத்தான் இப்படிப் பொய்யிலே துவைப்பே?"

"சொன்னா என்ன பண்ணுவான் தெரியுமா? மெத்தை மோட்டாரை அணைச்சிடுவான். 'நீ மெஷின் போடு, நான் சும்மா மெத்தையில படுத்துக்கறேன்'பான். நர்ஸ் என்ன சொன்னா? அவன் இடுப்புல ஒரு புண் வந்தா ஆறவே ஆறாதுன்னு சொன்னா இல்லை? எனக்குக் கை வெடிச்சா களிம்பு இருக்கு." மடியில் நழுவிய தட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் குளிர்காலத்தை மட்டும் தாண்டிட்டாப் போதும், ஜெம். அந்த ஈ மட்டும் டி ஆச்சுன்னா தாண்டிடுவேன்."

"ஆகும்மா! கட்டில், மெத்தை, நாற்காலி எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தாலே போதும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குள் முன்னால் குப்பை லாரி ஒன்று வந்து வழியை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மூச்சு விட்டு, நகர்ந்தது. ஜெம்மா ஹாரனை அழுத்தினாள். லாரிக்காரன் கையை ஆட்டி 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னான்.

மில் லேன் முனையில் திரும்பும்போது மணி இரண்டே கால்.

*

வீட்டு வாசலில் அடுத்த வீட்டு டெரிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஏப்ரலிலேயே நூற்றைம்பது பவுண்டு வாங்கி, எண்ணெயில்லாமல் பொரிக்கும் அடுப்பு வாங்கி, தெருவுக்கெல்லாம் கோழி பொரித்துக் காட்டிய அதே டெரிக். அவன் முகம் பளபளத்தது.

"பெவ்! உள்ள போய்ப் பாரு. அரண்மனை மாதிரி ஆக்கிட்டோம்!"

பெவர்லி தட்டோடு வேனிலிருந்து இறங்கினாள். "எதை, டெரிக்?"

"முன்னறையைத்தான். க்ளிஃப் பத்து மணிக்குப் போன் பண்ணான். 'கவுன்சில் ஆள் வருது, மானம் போயிடும், வாடா'ன்னான். கட்டிலை ரெண்டு பாதியாக் கழட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிட்டேன். நாற்காலியும் அங்கதான். ரெண்டு மணி நேர வேலை. என் முதுகு போச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த புண்ணியவான், பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பெவர்லி கையிலிருந்த கஸ்டர்ட் தட்டை அவன் நெஞ்சில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

முன்னறை ஜொலித்தது. எட்டு மாதமாக அலமாரியில் தூங்கிய பீங்கான் கோப்பைகள், சரிகை விரிப்பு, குவளையில் டெரிக் தோட்டத்து டேலியா. சாய்வு நாற்காலியில், மகள் கல்யாணத்துக்குத் தைத்த நீலக் கோட்டும் டையுமாக, முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு க்ளிஃப் அக்ராய்ட் உட்கார்ந்திருந்தான். இடது கையை மடியில் ஒரு மெத்தைத் திண்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது இதுதான்.

எதிர் சோபாவில் தலைக்கு முக்காடிட்ட ஓர் இளம்பெண், மடியில் ஃபைலோடு. டீ பாதி காலியாகியிருந்தது.

"வா பெவ். மிஸ் மாலிக்குக்கு இந்த வீட்டோட கதையைச் சொல்லிட்டிருந்தேன். இந்தத் தெருவுல ஈ இது ஒண்ணுதான்னு சொன்னேன்."

"சொன்னார்" என்றாள் ஹுமைரா. "ரெண்டு தடவை சொன்னார்."

பெவர்லியின் கண் ஃபைலில் போய் விழுந்தது. 'அறையின் பயன்' என்ற இடத்தில் நீல மையில் ஒரே ஒரு வார்த்தை. வரவேற்பறை.

"அது தப்பு, கண்ணு! அதை அடிங்க! இங்க கட்டில் இருந்துச்சு. காலையில கூட இருந்துச்சு!"

"மிசஸ் அக்ராய்ட், நான் கண்ணால பார்க்கறதைத்தான் எழுத முடியும். மிஸ்டர் அக்ராய்டைக் கேட்டேன், எங்க தூங்கறீங்கன்னு. மாடியிலன்னார். நடக்கக் கஷ்டமான்னேன். கொஞ்சம் மெதுவாங்கறார்."

"மெதுவாத்தான் நடக்கறேன்" என்றான் க்ளிஃப். "பெவ், இவங்க எதுக்கு என் காலைப் பத்திக் கேக்கறாங்க? வரிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

பின்னால் வந்து நின்ற ஜெம்மா, "சொல்லிடும்மா" என்றாள்.

பெவர்லி சொன்னாள். எழுத்து இறங்குவது, தள்ளுபடி, படிவம், படிவத்தின் தலைப்பில் இருந்த அந்த வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

க்ளிஃபின் கழுத்து சிவந்தது. பிறகு காது சிவந்தது.

"என்னைக் கேக்காம, என் பேரை அந்த லிஸ்ட்டுல போட்டியா?"

"கேட்டா போட விட்டிருப்பியா?"

"மாட்டேன்! ஒரு காலும் ஒரு கையும் கொஞ்சம் ஓய்வெடுக்குது, அவ்வளவுதான். நான் நல்லாத்தான் இருக்கேன். எழுதிக்கம்மா, நல்லா இருக்கான்னு எழுதிக்க."

"அப்பா, உன் வீம்புக்கு அம்மா..."

"ஜெம்!" என்று பெவர்லி அதட்டினாள்.

ஹுமைரா மணியைப் பார்த்தாள். இரண்டே முக்கால். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா..." ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தாள்.

வந்தவர் எழுந்தால் தானும் எழுந்து வாசல் வரை போய் வழியனுப்புவது க்ளிஃபின் பழக்கம். பால்காரனைக்கூட அப்படித்தான் அனுப்புவான். பழக்கம் உடம்பைவிட முந்திக்கொண்டது. வலது கையை ஊன்றி எழுந்தான். பாதி வரை எழுந்தான். இடது முழங்கால் மடங்கிவிட்டது.

தொப்பென்று நாற்காலியில் விழுந்தான். திண்டு உருண்டது. மடங்கிய விரல்களோடு இடது கை வெளியே தொங்கியது. அவன் மடியிலிருந்த டீக் கோப்பை கார்ப்பெட்டில் உருண்டு, உடையாமல், ஹுமைராவின் ஷூவில் போய் முட்டி நின்றது.

பெவர்லி ஓடிப்போய் அவன் கையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மெஷின் ஓடுது, பெவ்."

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கட்டிலைக் கொண்டுபோகப் பின்கட்டுல பலகை போட்டான் டெரிக். அப்படியே என்னையும் தள்ளிட்டுப் போகச் சொன்னேன். நீ பாவம் கஷ்டப்படறியே, எந்த பார்ட் போச்சுன்னு பார்த்து வைக்கலாம்னு. சுவிட்ச்சைப் போட்டேன். பூனைக்குட்டி மாதிரி ஓடுது. ஒரு குறையும் இல்லை." வெடித்த கணுவைக் கட்டைவிரலால் தடவினான். "கேன்டீன் சோப்புதான் கையை அரிக்குதுன்னே. நானும் நம்பினேன்."

"மெத்தை மோட்டாரை அணைச்சிடுவேன்னு பயந்தேன், க்ளிஃப்."

"அணைச்சிருப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

பெவர்லி அழுதாள். சிரிப்பும் வந்தது. இரண்டையும் எந்த வரிசையில் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

க்ளிஃப் வலது கையால் டையைத் தளர்த்திவிட்டு ஹுமைராவைப் பார்த்தான்.

"உட்காரும்மா. ஒரு பத்து நிமிஷம். நான் சொன்னது பொய். மாடிக்குப் போய் எட்டு மாசமாச்சு. இதுதான் என் அறை. இங்கதான் தூங்கறேன், இங்கதான் சாப்பிடறேன், மத்ததும் இங்கதான், விவரம் கேக்காதே. அந்த நீளமான வார்த்தை என்னவோ இருக்கே, அதையும் எழுதிக்க. ஆனா சும்மா எழுத வேண்டாம். கண்ணால பார்த்தே எழுது." தலையைத் திருப்பிக் கத்தினான்: "டெரிக்! கட்டிலைக் கொண்டாடா!"

"மறுபடியுமா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல், வாய் நிறைய கஸ்டர்டோடு.

*

அடுத்த பத்து நிமிஷம் அந்த வீடு கல்யாண வீடானது. ஜெம்மா ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள். டெரிக் முதுகைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினான். சக்கர நாற்காலியில் க்ளிஃபை ஏற்றி அறை நடுவில் நிறுத்தினாள் பெவர்லி. எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த ஒர்க்‌ஷாப் முதலாளி அங்கே உட்கார்ந்திருந்தான்.

"தலைமாட்டுப் பாதியை முதல்ல கொண்டா! அந்த இரும்புப் பின்னை இடது பக்கம் போடு. இடது, டெரிக், இடது! கழட்டும்போது எப்படிடா கழட்டினே?"

"நீ சொன்னபடிதான் கழட்டினேன்! இப்ப நீ சொல்றபடி மாட்டறேன்! என் முதுகுக்கு யார் தள்ளுபடி தருவா?"

"அம்மா, கோப்பையெல்லாம் எடு!"

சரிகை விரிப்பு பறந்தது. டேலியா ஜன்னலுக்குப் போனது; மாத்திரை டப்பாக்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தன. கட்டிலின் இரண்டாம் பாதி வாசல்காலில் சிக்கிக்கொள்ள, ஹுமைராவே ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினாள்.

"நான் தூக்கினதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. விதியில இல்லை."

கட்டிலின் நாலு சக்கரமும் கார்ப்பெட்டில் இருந்த நாலு குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. ஹுமைரா அதைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"இந்தக் குழியை வந்தவுடனே பார்த்தேன், மிஸ்டர் அக்ராய்ட். மெத்தை மோட்டாரோட வயரும் சோபாவுக்குப் பின்னால தொங்குச்சு. யாராவது வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்களான்னு ரெண்டு கப் டீ குடிச்சேன். குழியை வச்சு ரிப்போர்ட் எழுத முடியாதே."

"அப்ப எனக்கு முன்னாலயே உனக்குத் தெரியும்?"

"எங்க அப்பாவும் இப்படித்தான். டாக்டர் வர்றார்னா எழுந்து ஷேவ் பண்ணிட்டு, 'எனக்கு ஒண்ணுமில்லை'ம்பார்." அவள் பேனாவைத் திறந்தாள். "ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு முன்னாலயே கட்டில் இங்க வந்துடுச்சுன்னு ஏதாவது காகிதம்?"

பெவர்லி மாத்திரை டப்பாக்களுக்குக் கீழேயிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை உருவினாள். கட்டில் ஒப்படைத்த தேதி, மார்ச் பதினான்கு. மெத்தை மோட்டார் 'உம்ம்' என்று ஓடத் தொடங்கியது. ஹுமைரா 'வரவேற்பறை'யை ஒரே கோடாக அடித்தாள்.

மூன்று ஐந்துக்கு அவள் கார் ஏறினாள். "நாலரைக்குள்ள போன் வரும். வரலைன்னா..." முடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

*

நாலு மணி. நாலு பத்து. யாரும் டெலிபோனைப் பார்க்காதது மாதிரி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு இருபதுக்கு மணி அடித்தது. பெவர்லி பாய்ந்து எடுத்தாள். மீட்டர் ரீடிங் சொல்லியாகிவிட்டதா என்று கேட்கும் கம்பெனியின் பதிவுக் குரல். "எட்டு, நாலு, ஒன்பது, போடா!" என்று கத்திவிட்டு வைத்தாள்.

நாலு இருபத்தாறுக்கு மறுபடி அடித்தது.

"மிசஸ் அக்ராய்ட்? ஹுமைரா. போட்டாச்சு. கையெழுத்தும் ஆயாச்சு. மார்ச் பதினாலிலேருந்து உங்க வீடு டி. நூத்தைம்பதும் வரும், வருஷா வருஷம் வரியும் குறையும்."

பெவர்லி ரிசீவரைக் காதோடு பிடித்துக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்தே ஜெம்மா கூவிவிட்டாள். அந்தக் கூச்சலில் மூன்று வீடு தள்ளி இருந்த நாய் குரைத்தது. பெவர்லி குனிந்து க்ளிஃபின் நெற்றியில், மூக்கில், கண்ணில், அகப்பட்ட இடத்திலெல்லாம் முத்தம் கொடுத்தாள்.

"ஆக, நீயும் டிதானா!" என்றான் டெரிக். "முப்பது வருஷம் எங்களையெல்லாம் கீழ பார்த்தியே. கிளப்புல போய்ச் சொல்லப்போறேன்."

"சொல்லு" என்றான் க்ளிஃப். "எல்லாருக்கும் என் கணக்குல ஒரு பீர் வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லு." பிறகு பெவர்லியைப் பார்த்தான். "மெஷினைப் போடு. முழு லோடு. சுடுதண்ணில."

"இப்பவேவா?"

"இப்பவே. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் பழைய விலைதான்!"

படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, க்ளிஃப் கழற்றிப் போட்டிருந்த கோட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பெவர்லி பின்கட்டுக்கு ஓடினாள். டெரிக் போட்ட பலகை அப்படியே கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கியது. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். அவள் இரண்டு உள்ளங்கையையும் மெஷின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். சூடு மெல்ல ஏறியது. இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

க்ளிஃபின் நீலக் கோட்டில் டீ சிந்தியிருந்தது. துடைக்கலாம் என்று எடுத்தாள். உள்பையில் ஏதோ மொடமொடத்தது.

ஒரு கடிதம். உறையில் க்ளிஃபின் பெயர். ஆனால் விலாசம் டெரிக் வீட்டு விலாசம்.

வீடு விற்றுக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. போன செவ்வாய்க்கிழமை தாங்கள் போனில் கேட்டுக்கொண்டபடி, வீட்டுக்கு விலை போட எங்கள் ஆள் வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வருவார். திருமதி அக்ராய்ட் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார் என்று தாங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டோம்.

ராங் நம்பர்!

இரண்டு தடவை படித்தாள். அவனுக்கு அவள் பாரம் தூக்குவது தெரிந்திருக்கிறது. மெஷின் தெரியாது, படிவம் தெரியாது, ஆனால் பாரம் தெரிந்திருக்கிறது. வீட்டை விற்று அந்தப் பாரத்தை இறக்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறான். கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் அவன் மேல் இருந்த பிரியமும் பொங்கிக்கொண்டு வந்தது. ஒர்க்‌ஷாப்பை ஒட்டிய இந்த வீட்டை விட்டு அவனை எந்தத் தரகனும் ஓர் அங்குலம் நகர்த்த முடியாது என்று மெஷின் மேல் அடித்துச் சொல்லிக்கொண்டாள்.

கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். க்ளிஃப் கட்டிலில் சாய்ந்து கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டெரிக் ஜன்னலருகே மூன்றாவது துண்டில் இருந்தான். ஜெம்மா பீங்கான் கோப்பைகளை அலமாரிக்குள் அடுக்கப் போனாள்.

"அதை வெளியவே வை, ஜெம். கழுவவும் வேண்டாம்" என்றாள் பெவர்லி. "வீட்டைப் பார்க்க ஆள் வரும்போது எப்படி வச்சிருக்கணும்னு இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். வர்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும் இந்த வீட்டுல யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. டெரிக், உன் கோழிக் கூட்டிலேருந்து ரெண்டு கோழி கடன் குடு, முன்னறையில விடறேன். வேலைக்கு லீவு சொல்லிட்டு நானே கதவைத் திறக்கறேன்."

க்ளிஃபின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. டெரிக் சத்தம் போடாமல் தன் தொப்பியைத் தேடினான்.